கழுவிக் காயவைத்த பில்டர்கள்

என் அண்ணனுக்குச் சுங்கான், அதாவது புகையிலை போட்டுப் பிடிக்கும் குழாய், கொண்டுவந்து கொடுத்த மச்சானை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கீழே போகப்போக என்னுடைய பங்கும் வரும். அது வந்ததும் மச்சானின் பங்கு குறைந்துவிட்டதாக யாரும் நினைக்கக்கூடாது.

அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது, எனக்கு ஐம்பத்து நான்கு. கிளிநொச்சியில், குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டத்தில், அப்பாவுக்குக் கிடைத்த காணியில் அடுத்தடுத்து வீடு கட்டி இருக்கிறோம். நடுவில் வேலி கிடையாது, ஒரு கிணறுதான். வயல் அண்ணனுடைய பொறுப்பு. நான் குளத்தில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்கு அணைக்கட்டின் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறிப்பது என் முதல் வேலை. அந்தக் கையோடு வீட்டுக் கொப்பியிலும் எழுதுவேன். மழை, விதைத்த நாள், மாடு கன்று போட்டது, யாருக்கு எத்தனை நாள் காய்ச்சல், எல்லாம் அதில் இருக்கும். இருபத்தெட்டு வருடமாக எழுதுகிறேன். இப்போது கையில் இருப்பவை பதின்மூன்று கொப்பிகள்.

அண்ணன் பதினேழு வயதிலிருந்து சுருட்டுப் பிடித்தவர். போன மாசியில் மூச்சு வாங்குவது கூடிப்போய்க் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் பெண் மருத்துவர். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். குழாயில் முள் ஏறிய அளவைப் பார்த்துவிட்டு, நுரையீரலில் போனது போனதுதான், திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் புகையை விடவேண்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் அன்றைக்கே விட்டார். சேட்டுப் பையில் இருந்த சுருட்டுக் கட்டை எடுத்து மச்சாளிடம் கொடுத்தார். மச்சாள், அதாவது அண்ணனின் மனைவி, அதை அடுப்புக்குள் தள்ளிவிட்டுக் கையைக் கழுவினார்.

வீட்டுப் பின்கதவிலிருந்து வயல் தலைப்பில் வாய்க்கால் மதகு வரைக்கும் முந்நூற்று நாற்பது அடி நடை. மாசியில் அண்ணன் அந்தத் தூரத்துக்குள் மூன்று தரம் நின்று மூச்சு வாங்கினார். சித்திரையில் இரண்டு. ஆனியில் ஒன்று. இதை நான் கொப்பியில் பக்கத்தின் மேல்மூலையில் எழுதிவந்தேன். அந்த எண் குறைவதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஆடி முடிவில் மச்சான் ஜேர்மனியிலிருந்து வந்தார். எங்கள் மாமாவின் மகன், என் வயது. முதல் நாளே முன்விறாந்தையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சொக்லேட், வாசனைத் தண்ணி, சேட் என்று பங்கு வைத்தார். கடைசியில் ஒரு வெல்வெட் பையை எடுத்தார்.

“அத்தான், சுருட்டை விட்டிட்டியள் எண்டு கேள்விப்பட்டன். நல்ல விசயம். ஆனா மனுசனுக்கு ஒண்டும் இல்லாமலும் ஏலாதுதானே. இந்தாங்கோ.”

அண்ணன் பையிலிருந்து சுங்கானை வெளியில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “உதென்னடா, நாதசுரத்தின்ரை குட்டியே?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சான் இரண்டு டின் புகையிலையும் ஒரு பெட்டியும் எடுத்து வைத்தார். பெட்டிக்குள் சின்ன வெள்ளைக் குழல்கள், சுண்டுவிரலின் பாதி நீளம். நூறு.

“இதுதான் பில்டர். உள்ளுக்குக் கரி இருக்கு. நஞ்செல்லாம் அதில நிண்டிடும். வாசம் மட்டும்தான் வாய்க்கு வரும். அங்க டொக்டர்மாரே இதைத்தான் பத்தினம்.”

குசினிக்குள்ளிருந்து மச்சாளின் குரல் வந்தது. “டொக்டர்மார் பத்தினமெண்டால் வருத்தக்காரரும் பத்தோணுமெண்டு இருக்கே?”

“அக்கா, பில்டர் இல்லாட்டித்தான் பயம். போட்டா ஒண்டும் செய்யாது.”

அண்ணன் மேசையைப் பார்த்தார். மேசையில் குடிதண்ணீர் அடைத்த நீலக் கான் இருந்தது. எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் பயம். சிறுநீரகம் போய்விடும் என்று எல்லா வீட்டிலும் பில்டர் தண்ணீர் வாங்குகிறோம். அதை இரண்டு வீட்டுக்கும் கொண்டுவந்தது நான்தான். அப்போது அண்ணன் வேண்டாம் என்று நின்றபோது, கரி எப்படிக் கெட்டதைப் பிடித்து வைக்கும் என்று கடதாசியில் கீறிக் காட்டியவனும் நான்தான்.

“தம்பி,” என்றார் அண்ணன், “தண்ணியும் உப்பிடித்தானே? கிணத்துத் தண்ணி கூடாது, பில்டர் தண்ணி குடிக்கலாம். புகையும் அதுதானே?”

அந்த இடத்தில் ‘இல்லை அண்ணை’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் பெட்டிக்குள் இருந்த அறிவுறுத்தற் கடதாசியை விரித்து வாசித்துக்கொண்டிருந்தேன். அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘அண்ணைக்குச் சுங்கான். பில்டர் நூறு. மழை இல்லை.’

மச்சான் மூன்று கிழமை நின்றுவிட்டுப் போனார். அவர் போனபின் எங்கள் ஒழுங்கையில் ஒரே கதை இதுதான். சுங்கானுக்குப் பில்டர் போடுவதா, போடாமல் பிடிப்பதா? போட்டால் ருசி போய்விடும் என்றார்கள் சிலர், போடாவிட்டால் நெஞ்சு போய்விடும் என்றார்கள் சிலர். வாழ்நாளில் சுங்கானைத் தொட்டே பார்க்காதவர்கள் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தீர்ப்புச் சொன்னார்கள். பிடிக்கவே கூடாத ஒரு மனிதர் நடுவில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தார். அதை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

ஒருவர் கேட்டார். முல்லைத்தீவிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர். முன்பு கப்பலில் வேலை செய்தவர், பதினொரு வருடம் சுங்கான் பிடித்தவர். மீன்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அண்ணை, உதுக்குள்ள பில்டர் கிடக்கே?”

“ஓம். ஏன், பிழையே?”

“குடையோட கடலுக்கை இறங்கிக் குளிக்கிற மாதிரிக் கிடக்கு.”

“அப்ப கழட்டோணும் எண்டு சொல்லுறீர்?”

“கேளுங்கோ. சுங்கானை வாய்க்கை வச்சு ஊதுறதுதான். ஒருத்தரும் நெஞ்சுக்கு இழுக்கிறேல்லை. இழுத்தால் நாக்குச் சுடும், தொண்டை கடிக்கும். இந்தப் பில்டர் அந்தச் சூட்டை எடுத்துப்போடுது. நீங்கள் பீடி மாதிரி உள்ளுக்கு இழுக்கிறியள். நான் வந்த நேரந்தொட்டுப் பாக்கிறன்.”

“அதுதான் கழட்டட்டோ எண்டு கேக்கிறன்.”

“நான் என்ரையைக் கடலுக்கை எறிஞ்சு ஒன்பது வரியம். கப்பலில என்னோடை நிண்டவன் ஒருத்தனுக்குப் புற்றுநோய், நாக்கைப் பாதி வெட்டினவங்கள். அவன் பில்டர் போட்டவன், நான் போடாதவன். போட்டவனோ போடாதவனோ எண்டு கேட்டே வெட்டினவங்கள்? சரி, பாரை எத்தினை கிலோ?”

அண்ணன் பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்க நேரம் எடுத்தது. நான் கிணற்றடியில் நின்று முழுவதையும் கேட்டேன். அன்று கொப்பியில் எழுதியது: ‘பாரை ஒன்றரைக் கிலோ. நல்ல மீன்.’

இனி என் பங்கு.

பெட்டிக் கடதாசியில் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது: ஒரு பில்டர், ஒரு தரம், பிறகு எறியவும். அண்ணன் நாளுக்கு மூன்று தரம் பிடித்தார். நூறு பில்டர் முப்பத்து மூன்று நாளைக்குத்தான். நான் அதை வாசித்துச் சொன்னபோது அண்ணனால் நம்ப முடியவில்லை.

“எறியிறதே? ஒருக்காப் பத்தினாப் போலை எறியிறதே?”

எனக்கும் நம்ப முடியவில்லை என்பதுதான் உண்மை. இந்தப் பக்கத்தில் ஒருவரும் பில்டரை ஒரு தரத்தோடு எறிவதில்லை. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் காற்றுப் பில்டரைத் தட்டி, மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் வைத்து, மறுபடி பூட்டித்தான் உழுகிறோம். யுத்தத்தில் பாதை பூட்டி ஒன்றும் உள்ளே வராமல் இருந்த வருடங்களில், எரிந்து கறுத்த எஞ்சின் எண்ணெயையே துணியில் வடித்துத் திரும்ப ஊற்றியிருக்கிறோம். நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். இது பழுதாகிவிட்டது, எறி என்று யாராவது சொன்னால், என் கை தன்பாட்டில் அதை வாங்கிக் கழுவப் பார்க்கும்.

கழுவினேன். சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். மஞ்சளாகச் சாயம் இறங்கியது. உதறி, தகரத்தில் பரப்பி இரண்டு வெயில் காயவைத்தேன். எத்தனை தரம் கழுவினேன் என்று தெரியவேண்டுமே. பென்சிலால் ஒவ்வொன்றின் உடம்பிலும் புள்ளி வைத்தேன். ஒரு புள்ளி ஒரு கழுவல். மூன்று புள்ளிக்கு மேல் பாவிக்கக் கூடாது. இதை அரைத்தாளில் கோடு போட்டு, ‘சுங்கான் பில்டர் பாவிக்கும் முறை’ என்று தலைப்பிட்டு, ஏழு இலக்கங்களாக எழுதிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் வாய்க்கு, எந்தப் பக்கம் நெருப்புக்கு என்றுகூடக் கீறியிருந்தேன். அண்ணன் அதைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

மிளகாய்ப் பாயை விரிக்க வந்த மச்சாள், பக்கத்துத் தகரத்தில் வரிசையாகக் கிடந்த குழல்களைக் கண்டார்.

“தம்பி, உதை வடிவாக் கழுவிக் காயவைக்கிறியள். உங்கடை அண்ணையின்ரை நெஞ்சை ஆர் கழுவிக் காயவைக்கிறது?”

“மச்சாள், கண்டபாட்டுக்குப் பத்தாமல் ஒரு ஒழுங்கில வச்சிருக்கிறன். நான் பாக்காட்டி அவர் திரும்பச் சுருட்டுக்குப் போடுவார்.”

“அவர் சுருட்டை விட்டவர் தம்பி. விட்டு அஞ்சு மாசம் இருந்தவர். நீங்கள் ரெண்டு பேருந்தான் ஒழுங்கு செய்து குடுத்தனியள்.”

எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் அந்த வீட்டுப் பக்கம் தேத்தண்ணிக்குப் போகவில்லை. ஆனால் பில்டர் கழுவப் போனேன்.

புரட்டாதியில் டின் புகையிலை முடிந்தது. அண்ணன் கடையில் சுருட்டு வாங்கிப் பிய்த்துத் தூளாக்கிச் சுங்கானில் போடத் தொடங்கினார். “பில்டர் கிடக்குத்தானே,” என்றார். நான் என்ன செய்தேன்? அரைத்தாளைத் திரும்ப வாங்கி எட்டாவது இலக்கம் எழுதினேன்: ‘சுருட்டுத் தூள் போட்டால் ஒரு முறைக்கு மேல் கழுவ வேண்டாம்.’ இதை இப்போது எழுதும்போது என் கையை நானே கடிக்கலாம் போல் இருக்கிறது.

ஐப்பசியில் விதைப்பு. அண்ணன் வரம்பில் குந்தியிருந்தார். நான் விடுப்பு எடுத்து விதைத்தேன். மதகுக்குப் போகும் வழியில் அவர் நான்கு தரம் நின்றார். கார்த்திகை பிறந்ததும் மழை விடவில்லை. தகரத்தில் காயவைக்க முடியாமல் குசினியில் அடுப்புக் கல்லோரம் வைத்தேன். பாதி பூசணம் பிடித்தது. மிச்சம் எல்லாவற்றிலும் மூன்று புள்ளி விழுந்துவிட்டது. ஜேர்மனிக்குத் தொலைபேசி எடுத்து இன்னொரு பெட்டி அனுப்பச் சொன்னேன். ஆம், நானேதான் எடுத்துக் கேட்டேன். யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன் என்றார் மச்சான்.

யாரும் வரும்வரை பொறுக்க எனக்கு ஏலவில்லை. மூன்று பழைய குழல்களின் மூடியைக் குறட்டால் கழற்றிப் பழைய கரியைக் கொட்டினேன். சிரட்டைக் கரியை இடித்து, அரித்து, உள்ளே நிரப்பி, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து அடைத்தேன். பார்வைக்குப் புதிது போலவே இருந்தன. அண்ணன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “டேய், கொம்பனிக்காரன் தோத்தான்,” என்றார்.

மூன்றாம் நாள் காலை, மதகடியில், அவருக்கு இருமல் பிடித்தது. விடவில்லை. வாய்க்கால் கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். துப்பியபோது சளியில் கறுப்பு. மையைத் தெளித்ததுபோல் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. எனக்கு அது என்ன என்று உடனே தெரிந்தது. நான் இடித்து அரித்து நிரப்பிய சிரட்டைக் கரித்தூள் அது. உதடு நீலமாக இருந்தது. பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டியில் தூக்கி ஏற்றினோம். வழியெல்லாம் மச்சாள் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க்கும் மருந்தும் வைத்து மூச்சு ஒரு நிலைக்கு வந்தபிறகு, மாசியில் பார்த்த அதே மருத்துவர் வந்தார்.

“ஐயா, திரும்பப் புகைக்கிறீங்களா?”

“இல்லைப் பிள்ளை. சுருட்டு விட்டுப் பத்து மாசம். இது பில்டர் போட்டது.” அண்ணன் மூச்சுக்கு நடுவில் விட்டுவிட்டுச் சொன்னார். பிறகு மச்சாளிடம் கையைக் காட்டிக் கிளினிக் கொப்பியை வாங்கி, அரைத்தாளை உருவி மருத்துவரிடம் நீட்டினார். “எல்லாம் முறைப்படிதான்.”

மருத்துவர் வாசித்தார். திருப்பி எட்டாவது இலக்கத்தையும் வாசித்தார். என் கீறலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இதை எழுதினது யார்?”

அண்ணன் என்னைக் காட்டினார். அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. “என்ரை தம்பி. அவன் எழுதினாப் பிழைக்காது.”

மருத்துவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பேன். தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தார். “மாசியில நான் சொன்னது ஒரு வசனம். நீங்கள் எட்டு எழுதியிருக்கிறீங்கள்,” என்றார். பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஜேர்மனிக்கு எடுத்தேன். நன்றாக ஏசவேண்டும் என்று கொப்பியை விரித்து முன்னால் வைத்துக்கொண்டு எடுத்தேன். சுங்கான் வந்த நாள், அதற்கு முன் அண்ணன் நின்ற தரம், பின் நின்ற தரம், எல்லாம் பக்கம் பக்கமாகச் சொன்னேன். மச்சான் கடைசிவரை கேட்டார்.

“மச்சான், நான் குடுத்தது ஒரு மாசத்துக்குத்தான் காணும். முடிஞ்சா அவர் விட்டிடுவார் எண்டுதான் நினைச்சனான். நீ எப்பிடியடா நாலு மாசம் ஓட்டினனி?”

அது பொய்யாகவும் இருக்கலாம். குற்றத்திலிருந்து கழன்றுகொள்ள அந்த நிமிடத்தில் கண்டுபிடித்த கதையாகவும் இருக்கலாம். அவருடைய குணம் எனக்குத் தெரியும். ஆனால் கணக்குப் பிழையில்லை. முப்பத்து மூன்று நாளில் முடியவேண்டியது. ஒவ்வொரு பக்கத்தின் மேல்மூலையிலும் ஒரு எண், இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டு போகிறது. அதே பக்கத்தின் அடியில், ‘பில்டர் பன்னிரண்டு கழுவினேன்’, ‘பில்டர் ஒன்பது கழுவினேன்’. இரண்டும் என் கையெழுத்து, ஒரே மை. நடுவில் மழை, மீன், மாடு. நான் மேலே எழுதியதைக் கீழே எழுதியதோடு ஒரு நாளும் சேர்த்து வாசிக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டேன். ஏசவேண்டியதில் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. இன்னும் நிற்கிறது.

சுங்கானை அடுப்பில் போடப் போனேன். “என்ரை அடுப்பிலை வேண்டாம், சோத்திலை மணக்கும்,” என்றார் மச்சாள். கிணற்றடிக் கல்லில் வைத்துக் கோடரியின் மொட்டைப் பக்கத்தால் அடித்தேன். நல்ல மரம், லேசில் உடையவில்லை. பில்டர்களையும் ஒவ்வொன்றாக நசுக்கினேன். தேவையில்லாத வேலைதான். புள்ளிகள் தெரியாமல் போகும்வரை அடித்தேன்.

அண்ணன் ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார். இப்போது நெஞ்சுக்கு மருந்துப் பம்ப் அடிக்கிறார், காலையும் மாலையும். வந்து கதிரையில் இருந்து மூச்சு அடங்கியதும் முதல் கேட்டது இதுதான்:

“தம்பி, இனி என்ன முறை? எழுதித் தா.”

ஒரு அரைத்தாள் எடுத்தேன். கோடு போடவில்லை, தலைப்புப் போடவில்லை. ‘எந்தப் புகையும் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“உதுக்குக் கையெழுத்து வை.”

“ஏன் அண்ணை?”

“முந்தினதுக்கு நீ கையெழுத்து வைக்கேல்லை. அதுதான் பிழைச்சுப்போச்சு.”

குசினி வாசலில் நின்ற மச்சாள் சிரித்துவிட்டார். பல நாளைக்குப் பிறகு. நான் கையெழுத்து வைத்தேன்.

நேற்றுக் காலை மழை விட்டிருந்தது. பயிர் முழங்கால் அளவு. அண்ணன் மதகுவரை போகவேண்டும் என்றார். நான் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். நின்றார், நடந்தார். ஐந்தாம் தரம் நின்றபோது நான் பேனையைத் திறந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டிருக்கிறார்.

“எழுதாதை.”

“ஏன்?”

“நீ எழுதினா நான் நம்பிப்போடுவன்.”

பேனையை மூடினேன். அவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார். மதகுக் கட்டில் குந்தி, இருமி, தண்ணீர் இல்லாத பக்கமாகத் துப்பினார். நான் குனிந்து பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.